மலை அழைக்கும், தங்கவைப்பது நம் கையில்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் கண்ணெதிரே நடமாடுவது. மார்கழி மாதத்தில் ஒருநாள் காலை நம் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் நின்று பாருங்கள். டீக்கடை வாசலில் ஒரு ஜெர்மானியர் நிற்பார். பூக்கடையில் ஓர் இத்தாலியப் பெண்மணி தமிழில் விலை கேட்பார். பெரும்பாக்கம் சாலையில் சைக்கிள் மிதித்துப் போகிறவர் ரஷ்யராக இருப்பார். பக்திக்காக வந்தவர்கள், தியானத்துக்காக வந்தவர்கள் என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அவர்களில் மருத்துவர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், கட்டடக் கலைஞர் இருக்கிறார், கணினி வல்லுநர் இருக்கிறார். கையில் ஒரு தொழிலோடுதான் அவர்கள் வருகிறார்கள். அந்தத் தொழில் இந்த ஊருக்குப் பயன்படுகிறதா? அந்தத் தொழிலை நம்பி அவர்களால் இங்கே தங்க முடிகிறதா? இதுதான் இன்றைய என் கேள்வி.

ஏன் இந்தக் கேள்வி? வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்தால் யாரும் வியப்பதில்லை. அங்கே நிறுவனம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. மாவட்டத் தலைநகருக்கு யார் வருவார்? வந்தாலும் யார் தங்குவார்? கனடாவின் சிறு நகரங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு நகரங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நாமும் கேட்க வேண்டாமா? 1989-இல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். 2024-இல்தான் மாநகராட்சி ஆனோம். ஆனால் உலகம் இந்த ஊரைத் தேடி வரத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. தேடி வரும் உலகத்தை எப்படி வரவேற்பது, எப்படித் தங்கவைப்பது என்று ஒரு மாநகராட்சி யோசிக்க வேண்டிய காலம் இது.

முதலில், வந்த கதையைச் சொல்கிறேன்.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இந்த ஊர் ரயில் நிலையத்தில் இறங்கினான். வேங்கடராமன் என்ற அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அவர் யாரையும் அழைக்கவில்லை. கடிதம் எழுதவில்லை. விளம்பரம் செய்யவில்லை. ஆனாலும் 1911-இல், வேலூரில் போலீஸ் உதவிக் கண்காணிப்பாளராக இருந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி அவரைத் தேடி வந்தார். எப்படி வந்தார்? அவருக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்த நரசிம்மய்யா என்ற முன்ஷி வழியாக வந்தார். ஓர் ஆசிரியர் வாய்ச்சொல் ஓர் அதிகாரியை இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தது. அவர் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே அச்சேறின.

அதற்குப் பிறகு 1930-களின் தொடக்கத்தில் பால் பிரண்டன் வந்தார். தொழிலால் பத்திரிகையாளர். 1934-இல் அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் போயிற்று. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்த ஆலன் சாட்விக் 1935 நவம்பரில் வந்து சேர்ந்தார். ஈராக்கிலிருந்து எஸ்.எஸ். கோஹன் வந்தார். போலந்தின் வார்சா நகரத்தில் பிறந்த மாரிஸ் ஃபிரீட்மன் என்ற பொறியாளர், பெங்களூரில் அரசு மின்சாதனத் தொழிற்சாலையை நடத்திக்கொண்டே அடிக்கடி இங்கு வந்து போனார். அமெரிக்காவிலிருந்து கை ஹேக் என்ற சுரங்கப் பொறியாளர் வந்தார். போலீஸ்காரர், பத்திரிகையாளர், ராணுவ அதிகாரி, பொறியாளர். கவனித்தீர்களா? அத்தனை பேரும் ஏதோ ஒரு தொழிலில் தேர்ந்தவர்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய முதல் பாடம் என்ன? ஓர் ஊர் வேறு எந்த ஊரையும் காப்பியடித்து உலகை ஈர்க்க முடியாது. தன்னிடம் மட்டுமே இருப்பது எதுவோ, அதைக்கொண்டுதான் ஈர்க்க முடியும். நமக்கு 2,668 அடி உயர மலை இருக்கிறது. 217 அடி உயர ராஜகோபுரம் இருக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. இந்த மலையை வேறு ஊரில் கட்ட முடியாது. ஆகவே ஈர்ப்பதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. ஒரு காசு செலவில்லாமல் மலை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நம் கவலையெல்லாம் இரண்டாவது பாதியைப் பற்றியது. வந்தவர் தங்குவது எதனால்?

மேஜர் சாட்விக்கைப் பாருங்கள். 1935-இல் வந்தவர் 1962-இல் மறையும்வரை இந்த ஊரைத்தான் தம் ஊராகக் கொண்டார். அவரைத் தங்கவைத்தது எது? ரமணரின் ஆசிரம வளாகத்துக்குள் அவருக்கென்று ஒரு குடில் கட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. பக்தர் ஒருவருக்கு அங்கே எழுந்த முதல் தனிக் குடில் அது. இருக்க ஓர் இடம் கிடைத்தது. அதோடு செய்ய ஒரு வேலையும் கிடைத்தது. ரமணரின் தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவரும் பணியில் அவர் இறங்கினார். ஆசிரமத்து மாத்ருபூதேசுவரர் கோயிலில் ஸ்ரீசக்ர பூஜை முறையாக நடக்க முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்தில் பிறந்த ராணுவ அதிகாரி, திருவண்ணாமலையில் ஒரு கோயிலின் பூஜை நின்றுவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்! ஊர் அவரை விருந்தாளியாக நிறுத்திவைக்கவில்லை. பொறுப்பைக் கொடுத்தது. பொறுப்புக் கிடைத்த மனிதன் ஊரை விட்டுப் போவதில்லை.

அடுத்து, ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பத்தின் கதை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய என் பேச்சின் உயிர் இந்தக் குடும்பத்துக்குள் இருக்கிறது.

ஆர்தர் ஆஸ்பர்ன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆங்கிலேயர். மனைவி லூசியா போலந்து நாட்டவர். பாங்காக்கில் சூலலோங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆர்தருக்கு விரிவுரையாளர் வேலை. 1941-இல் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். போர் வந்தது. ஜப்பானியர் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் ஒரு தாயும் மூன்று குழந்தைகளும் இந்த ஊரில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே அவர்களுக்கு ரத்த உறவு யார்? ஒருவரும் இல்லை. தாய்மொழி பேசுவோர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் அந்தக் குடும்பத்தை இந்த மலையடிவாரம் தாங்கிக்கொண்டது. 1945-இல் அவர் மீண்டு வந்தபோது குடும்பம் அவருக்காக இங்கே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். வந்து சேர்ந்தார், குடும்பத்தோடு கூடினார், இங்கேயே வாழ்ந்தார் என்று கதை முடிந்ததா? முடியவில்லை. வயிறு இருக்கிறதே! ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவருக்குத் திருவண்ணாமலையில் என்ன வேலை? சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். பிறகு கல்கத்தாவுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் போனார். மனம் இங்கே, வேலை அங்கே. 1950-களின் இறுதியில்தான் அவரால் இந்த ஊருக்கு நிரந்தரமாகத் திரும்ப முடிந்தது. திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1964 ஜனவரியில் ஆசிரமத்திலிருந்து ‘மவுண்டன் பாத்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1970-இல் அவர் மறைந்தார். இதழ் மறையவில்லை. அறுபதாண்டு கடந்தும் இந்த ஊரின் முகவரியைத் தாங்கி உலகெங்கும் போகிறது. ஒரு மனிதரைத் தங்கவைத்ததால் ஊருக்குக் கிடைத்த பலனைப் பார்த்தீர்களா?

அந்தக் குடும்பத்தின் மகன் பெயர் ஆடம். ஆடம் ஆஸ்பர்ன். 1939-இல் பாங்காக்கில் பிறந்து, நம் ஊரில் ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை. 1981-இல் கலிஃபோர்னியாவில் ‘ஆஸ்பர்ன்-1’ என்ற கணினியை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லக்கூடியதாக வந்து, விற்பனையில் வெற்றி கண்ட முதல் கணினி அது. எடை ஏறத்தாழ பதினோரு கிலோ. விலை 1,795 டாலர். இன்று நீங்கள் மடியில் வைத்துத் திறக்கிற மடிக்கணினிக்கு முன்னோடி, ரமணாசிரமத்து வாசலில் விளையாடிய பிள்ளை செய்தது. மாணவர்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு நெஞ்சு நிமிரவில்லையா?

ஆனால் அந்தப் பிள்ளை எங்கே படித்தான்? திருவண்ணாமலையில் படிக்கவில்லை. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தான். பதினோரு வயதில் இங்கிலாந்துக்குப் போனான். பிறகு அமெரிக்கா. தம் கடைசிக் காலத்தில் ஆடம் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தார். 2003-இல் கொடைக்கானலில்தான் அவர் உயிர் பிரிந்தது. பாசம் அவரைத் திரும்ப அழைத்து வந்தது. ஆனால் அவர் அறிவும் உழைப்பும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டன. தந்தையை வேலை வெளியே இழுத்தது. மகனைப் படிப்பு வெளியே இழுத்தது. ஓர் ஊர் வல்லுநர்களை இழக்கிற இரண்டு வாசல்கள் இவைதான்.

கொடைக்கானல் மட்டும் எப்படிப் பிள்ளைகளை ஈர்த்தது? அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் அங்கே 1845-இல் வீடு கட்டின. 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கின. அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. பள்ளி இருந்தது, குடும்பங்கள் இருந்தன. வல்லுநர் ஒருவர் தனியாளாக வந்தால் மலை போதும். குடும்பமாக வந்தால் பள்ளி வேண்டும். மனைவிக்கு ஒரு வேலை வேண்டும். கணவருக்கு ஒரு வேலை வேண்டும். அவசரத்துக்கு ஒரு மருத்துவமனை வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. அதுவும் மாவட்டத் தலைநகர்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, இன்று இந்தியா முழுவதும் அறிந்த மருத்துவமனை. 1946-இல் அங்கே டாக்டர் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் அறுவைச் சிகிச்சை பயின்றவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கவைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டினார். வேலூரில் ஏறத்தாழ இருபதாண்டு பணியாற்றினார். லண்டனில் கிடைக்கும் வசதியெல்லாம் வேலூரில் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. சம்பளம்? அதுவும் இல்லை. பிறகு எதற்காகத் தங்கினார்? லண்டனில் செய்ய முடியாத வேலை வேலூரில் இருந்தது. அவர் கை தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கே இருந்தார்கள். அவரோடு சேர்ந்து சிந்திக்க இந்திய மருத்துவர்கள் இருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. அவர் மனைவி மார்கரெட் பிராண்டும் மருத்துவர். தொழுநோயால் பார்வை இழப்போரின் கண்களைக் காக்கும் பணி அவருக்கு அங்கே கிடைத்தது. கணவருக்கும் வேலை, மனைவிக்கும் வேலை. இருவர் திறமைக்கும் இடம். தங்காமல் என்ன செய்வார்கள்?

ஆக, ஒரு வல்லுநரைத் தங்கவைப்பவை எவை? அவர் திறமையைக் கேட்டு வாங்கும் வேலை. குடும்பத்துக்கு ஒரு வாழ்க்கை. சட்டம் தரும் உறுதி. ஊர் தரும் உறவு. நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி கட்டிவிடுவார்கள்.

சரி, நம் ஊரில் இந்த நான்கும் ஒன்றுசேர்ந்த இடம் இருக்கிறதா? இருக்கிறது. தலையைத் தூக்கி மலையைப் பாருங்கள்.

இன்று பச்சையாகத் தெரிகிற இந்த மலைச்சரிவு 1980-களில் மொட்டையாகக் கிடந்தது. வெட்டியதும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்து மரங்களைத் தின்றுவிட்டிருந்தன. அப்போது இங்கே தங்கியிருந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர், தம் நாட்டில் காடுகளைக் காக்கப் போராடிக்கொண்டிருந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். மலையைக் காப்பாற்ற உதவுங்கள் என்று கேட்டார். அதிலிருந்து காடு வளர்ப்புச் சங்கம் ஒன்று பிறந்தது. நாற்றங்கால் எங்கே போட்டார்கள் தெரியுமா? அண்ணாமலையார் கோயில் மதில்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில்! கோயில் இடம் கொடுத்தது. வெளிநாட்டவர் யோசனை கொடுத்தார்கள். நம் ஊர்க் கைகள் குழி தோண்டின. பிறகு ‘ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை அந்தப் பணியைத் தொடர்ந்தது. ஒவ்வொரு கோடையிலும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீப் பிடித்தால் ஓடிப்போய் அணைப்பதும், மழைக்காலத்தில் கன்று நடுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அந்த வட்டத்தினர் 2009-இல் மருதம் பண்ணைப் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே கிராமத்துப் பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். காடு என்றொரு வேலை இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. பதிவு பெற்ற ஓர் அமைப்பு இருந்தது. ஊரோடு உறவு இருந்தது. தங்கினார்கள்.

2007-இல் செங்கம் சாலையில் தொடங்கிய விலங்குகள் காப்பகமும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியவர் தொடங்கியது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுகிற பணி, நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கிற பணி. இன்னும் பின்னே போனால், டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் தமிழ் கற்று, இந்த ஊரில் தொடங்கிய டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள்.

காடு வளர்ப்பவரைக் கேளுங்கள், நடுவது எளிது என்பார். மூன்று கோடை தண்ணீர் ஊற்றிக் காப்பதுதான் பாடு என்பார். வந்த மனிதரைத் தங்கவைப்பதும் அதே பாடுதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஆசை இருந்தால் மட்டும் ஒருவர் இங்கே தங்கிவிட முடியாது. இங்கே வருவோரில் பலர் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. வேலைக்கான விசா வேண்டுமென்றால், சில விலக்குகள் நீங்கலாக, ஆண்டுக்குக் குறைந்தது ரூ.16.25 லட்சம் சம்பளம் காட்ட வேண்டும். சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனம் அதைத் தரும். திருவண்ணாமலையில் ஒரு பள்ளி தருமா? ஒரு சிறு மருத்துவமனை தருமா? பெருநகரத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி, சிறுநகரத்தின் வாசலை அடைத்துவிடுகிறது.

ஆனால் திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றிப் பணியாற்ற வருவோருக்கு அந்தச் சம்பள வரம்பு இல்லை. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்க வருவோருக்கும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவரே, கைம்மாறு எதுவும் பெறாமல், ஒரு மாதம் வரை தொண்டுப்பணி செய்ய இடம் உண்டு. நம் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்க, ஜெர்மன் கற்பிக்க, ஜப்பானிய மொழி கற்பிக்க இந்தக் கதவு போதும். நம்மில் எத்தனை கல்லூரிகள் இந்தக் கதவைத் தட்டியிருக்கின்றன?

இன்னொன்று. வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்கிறவர், அவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இது சட்டம். 2018-இலிருந்து விசா சேவைகள் இணையவழியிலேயே கிடைக்கின்றன. ஆனால் மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுகிற பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாமல் விட்டுவிட்டு, பிறகு விசாரணை என்றதும் பயந்துபோய், இனி வெளிநாட்டவரே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இழப்பு யாருக்கு?

சட்டம் கைகொடுத்தால் எல்லாம் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஆரோவில்லைப் பாருங்கள். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய நகரம். 1988-இல் நாடாளுமன்றம் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட நகரத்தில், அரை நூற்றாண்டு கடந்தபின் வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேர். ஏறத்தாழ அறுபது நாட்டவர் அங்கே சேர்ந்து வாழ்வதும், வறண்ட செம்மண் மேட்டைக் காடாக்கியதும் பெரிய சாதனை. ஆனால் நிலமும் சட்டமும் இருந்தும் மனிதரைத் தங்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதுவே சாட்சி.

அப்படியானால் வெற்றி கண்டவர்கள் என்ன செய்தார்கள்? கனடாவின் கிழக்குக் கரையில் நான்கு மாகாணங்கள் இருக்கின்றன. வந்தவர்களெல்லாம் டொரண்டோவுக்கு ஓடிவிடுகிறார்களே என்று கவலைப்பட்டவை. 2017-இல் அவற்றுக்கென்று ஒரு குடியேற்றத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள், 2022-இல் நிரந்தரமாக்கினார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. வருகிற ஒவ்வொருவருக்கும், அவர் குடும்பத்துக்கும், இங்கே எப்படிக் காலூன்றப் போகிறார்கள் என்று ஒரு குடியமர்வுத் திட்டம் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். வேலை கொடுப்பவர் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஆஸ்திரேலியா 2019-இல் கொண்டுவந்த விசா ஒன்று, பெருநகரங்களுக்கு வெளியே சில ஆண்டுகள் வாழ்ந்து உழைத்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி திறக்கிறது. அந்த வாசல்கள் வழியாகப் போகிற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. நம் பிள்ளைகளை வரவேற்கத் தெரிந்த ஊர்களிடமிருந்து, வரவேற்பைக் கற்றுக்கொள்வதில் என்ன குறை?

நண்பர்களே, இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் இந்த ஊருக்கு நேர்மையாக இல்லை என்று பொருள்.

சீசனில் ரமண நகர் பக்கம் வீட்டு வாடகை ஏறுகிறது. அந்த வாடகையை உள்ளூர் ஆசிரியரால் கொடுக்க முடிவதில்லை. ஊர் ஒரு பக்கம், வெளிநாட்டவர் ஒரு பக்கம் என்று தனித்தனியாக வாழ்கிற நிலை வருகிறது. ஐந்தாண்டு இங்கே இருந்தும் ஐந்து வாக்கியம் தமிழ் பேசாதவர் இருக்கிறார். பத்தாண்டு பக்கத்து வீட்டில் இருந்தும் அவரை ஒரு பொங்கலுக்கு அழைக்காதவரும் இருக்கிறார். குறை இரு பக்கமும் இருக்கிறது.

மலையடிவாரத்தில் கட்டடங்கள் பெருகுகின்றன. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. குழந்தைகளும் அதில் அடக்கம். அந்த நாளை இந்த ஊர் மறக்காது, மறக்கவும் கூடாது. மலையால்தான் உலகம் இங்கே வருகிறது. அந்த மலையின் சரிவையும் நீர்வழிகளையும் சிதைத்துத்தான் வருகிறவர்களுக்கு இடம் செய்ய வேண்டும் என்றால், அந்த வளர்ச்சி நமக்கு வேண்டாம். உள்ளூரில் பிறந்தவருக்கும் வெளியிலிருந்து வந்தவருக்கும் இந்த விஷயத்தில் ஒரே கடமைதான்.

இங்கே இன்னொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். வெளிநாட்டு வல்லுநரை விடுங்கள். நம் பிள்ளைகள் தங்குகிறார்களா? 2013-இல் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே படித்து முடிக்கும் இளம் மருத்துவர்களில் எத்தனை பேர் இந்த மாவட்டத்திலேயே இருக்க விரும்புகிறார்கள்? ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பணிக்குச் சேரும் மருத்துவர் எத்தனை ஆண்டு இருக்கிறார்? பொறியியல் முடித்த தங்கை ஏன் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறாள்? விடை தெரிந்ததுதான். அவள் படிப்புக்கேற்ற வேலை இல்லை. பிள்ளைக்குப் பள்ளி, கணவருக்கு வேலை, இரவில் அவசரச் சிகிச்சை என்று அவள் கேட்பது எதுவோ, அதைத்தான் அன்று ஆஸ்பர்ன் குடும்பமும் தேடியது. வெளிநாட்டவரைத் தங்கவைக்க நாம் செய்கிற ஒவ்வொரு ஏற்பாடும் நம் பிள்ளைகளையும் தங்கவைக்கும். நம் பிள்ளைகளைத் தங்கவைக்காத ஊர் வேறு யாரையும் தங்கவைக்காது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கோடிகள் வேண்டாம். மனம் வேண்டும்.

முதலாவது, மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஓர் உதவி மையம் திறக்கட்டும். தங்குவோர் படிவம், வாடகை ஒப்பந்தம், விசா விதிகள், மருத்துவமனை விவரம் எல்லாம் ஒரே மேசையில் கிடைக்கட்டும். வீட்டுக்காரருக்கும் பயம் போகும். வந்தவருக்கும் அலைச்சல் குறையும்.

இரண்டாவது, ஒரு திறன் பதிவேடு வேண்டும். இந்த சீசனில் ஊரில் இருப்பவர்களில் யார் மருத்துவர், யார் நீர்மேலாண்மை அறிந்தவர், யார் கட்டடக் கலைஞர் என்று, விருப்பமுள்ளவர்கள் பெயர் பதியட்டும். சட்டம் அனுமதிக்கும் வழியில் நம் கல்லூரிகளும் பள்ளிகளும் அவர்களை அழைக்கட்டும்.

மூன்றாவது, மாலைநேரத் தமிழ் வகுப்பு. நம் தமிழாசிரியர்கள் நடத்தட்டும். தமிழ் தெரிந்துவிட்டால் இந்த ஊரில் அவர் அந்நியர் இல்லை.

நான்காவது, வேலை. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் 2024-இல் சிறிய டைடல் பூங்கா திறந்தார்கள். நம் மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டில் தைவான் குழுமத்தின் காலணி ஆலை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுக்கிறது. இப்படிப்பட்ட வேலைகள் திருவண்ணாமலை நகரத்துக்கும் வர வேண்டும். மலையைத் தொடாமல், ஏரியைத் தூர்க்காமல் வர வேண்டும்.

ஐந்தாவது, பாதை. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த ரயில் நம் ஊர்வரை நீண்டபோது எவ்வளவு மகிழ்ந்தோம்! திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதையோ ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறது. அதை விடாமல் கேட்போம்.

ஆறாவது, இது அரசைச் சேர்ந்ததல்ல. உங்களையும் என்னையும் சேர்ந்தது. பக்கத்து வீட்டில் வந்து தங்கியிருப்பவரின் பெயரைக் கேளுங்கள். என்ன படித்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள். கேட்கப்படாத திறமை எந்த ஊரிலும் தங்காது.

இங்கே வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டு நண்பர்கள் யாரேனும் இந்த மண்டபத்தில் இருந்தால், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மலையிடமிருந்து அமைதியைப் பெறுகிறீர்கள். இந்த மக்களுக்கு உங்கள் கல்வியைக் கொடுங்கள். சாட்விக் கொடுத்தார். ஆஸ்பர்ன் கொடுத்தார். மரம் நட்டவர்கள் கொடுத்தார்கள். நீங்களும் கொடுக்க முடியும்.

பெரியோர்களே, மலை தன் வேலையை நமக்காகக் காத்திருக்காமல் செய்துவருகிறது. நம் வேலைதான் பாக்கி இருக்கிறது. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இந்த ஊரில் ஓர் உதவி மேசையும் ஒரு தமிழ் வகுப்புமாவது தொடங்கிவிட வேண்டும். வணிகர் சங்கமும் கல்லூரிகளும் ஆசிரமங்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்தால் இது நடக்கும். அந்தக் கூட்டத்தை அழைக்க நான் தயார். வர நீங்கள் தயாராக இருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.